விதையா, தேர்வா? இருத்தலியலும் மனிதர் மாறும் வழியும்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தன் சிறுவயது வீட்டின் நிலவறையைப் பற்றி எழுதியிருக்கிறார். குளிர்காலத்துக்கு வேண்டிய உருளைக்கிழங்கை அங்கேதான் கொட்டி வைப்பார்கள். சில அடி உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆனாலும் கிழங்குகள் முளைவிடும். பூமியில் ஊன்றினால் வருகிற பச்சைத் துளிர்களைப் போல இருக்காது. வெளிறிய தண்டுகள் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு அந்த ஜன்னல் வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போகும். அவை ஒருநாளும் செடியாகப் போவதில்லை. மனநல மருத்துவமனைகளின் பின்கட்டு வார்டுகளில் கிடக்கிறவர்களோடு பேசும்போது அந்தக் கிழங்குகளை அடிக்கடி நினைத்துக்கொள்வதாக ரோஜர்ஸ் சொல்கிறார். எவ்வளவு கோணலாக வளர்ந்தாலும் உயிர் தன் முழுமையை நோக்கித்தான் நீள்கிறது என்பது அவர் நம்பிக்கை.

1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில், கூட்டம் நெரிந்த ஓர் அரங்கில், பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-பால் சார்த்ர் இதற்கு நேர் எதிரானதைச் சொன்னார். காகிதம் வெட்டும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது அதைச் செய்கிறவன் மனதில் முன்பே இருக்கிறது. மனிதருக்கு அப்படியொரு முன்வரைவு இல்லை. முதலில் உலகத்தில் வந்து நிற்கிறோம். பிறகு செய்கிற செயல்களால்தான் இன்னார் என்று ஆகிறோம். 'சூழ்நிலை மட்டும் ஒத்து வந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன், எனக்குள் அவ்வளவு இருந்தது' என்று தேற்றிக்கொள்கிறவருக்கு அந்த உரையில் துளி இரக்கமும் கிடையாது. புரூஸ்ட்டின் மேதைமை என்பது புரூஸ்ட் எழுதி முடித்த நூல்கள்தான், எழுதாமல் விட்டதற்கு அதில் பங்கில்லை என்றார்.

கடந்த 180 ஆண்டுகளில் இருத்தலியல் சிந்தனையாளர்களும் அவர்கள் வழியில் வந்த மனநல மருத்துவர்களும் இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில்தான் போய்வந்திருக்கிறார்கள். மனிதருக்குள் ஒரு முழுமை ஏற்கெனவே உறங்குகிறதா, தேர்வும் செயலும்தான் அதை உண்டாக்குகின்றனவா? இன்றைய பயிற்சிப் பட்டறைகளும் சுயமுன்னேற்ற நூல்களும் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. உனக்குள் எல்லாம் இருக்கிறது என்று ரோஜர்ஸிடமிருந்து நம்பிக்கையை எடுத்துக்கொள்கின்றன. வெளியே வரவில்லை என்றால் குற்றம் உன்னுடையது என்று சார்த்ரிடமிருந்து கண்டிப்பை எடுத்துக்கொள்கின்றன. தோற்றுப்போன ஓர் இளைஞனின் தலையில் இந்தக் கலவை இறக்கிவைக்கும் பாரம் கொஞ்சமல்ல. ஆனால் அந்தச் சிந்தனை மரபை முழுக்கப் படித்தால் கிடைப்பது வேறொரு பாடம். ஓர் ஆள் உருவாவதில் அவருடைய தேர்வுக்கு இருக்கிற அதே அளவு பங்கு, அவர் தேர்ந்தெடுப்பதற்கு மற்றவர்கள் விட்டுவைத்த இடத்துக்கும் இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இந்தத் தத்துவம் பெரும்பாலும் இலக்கியத்தின் வழியாகவே அறிமுகமானது, வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' 1980இல் வந்து இன்றும் படிக்கப்படுகிறது. மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இந்தச் சிந்தனை பட்ட பாடு இங்கே அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன்.

விதைக்குள் மரம் இருக்கிறது என்ற எண்ணம் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே வருவது. அதில் முதல் கீறலைப் போட்டவர் கோபன்ஹேகனில் வாழ்ந்து 1855இல் 42 வயதில் இறந்த சோரன் கீர்க்கெகார்ட். ரெகினா ஓல்சன் என்ற பெண்ணுடன் 1840இல் நிச்சயம் செய்துகொண்டு, மறு ஆண்டே தானே அதை முறித்துக்கொண்டவர். அதன் பிறகு வந்த அவருடைய பல நூல்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? 1844இல் எழுதிய நூலில், பதற்றத்தைச் சுதந்திரத்தின் தலைசுற்றல் என்று விளக்கினார். பயத்துக்கு ஒரு பொருள் உண்டு, புலியோ திருடனோ. பதற்றத்துக்குப் பொருளில்லை. எதையும் செய்யலாம் என்று தெரிந்த மாத்திரத்தில் வருகிற கிறுகிறுப்பு அது.

1849இல் வந்த 'மரணத்துக்கு இட்டுச்செல்லும் நோய்' நூலில்தான் நம் கேள்விக்கு நேரடியான வெளிச்சம் இருக்கிறது. மனிதர் சாத்தியமும் அவசியமும் சேர்ந்த பின்னல் என்கிறார் கீர்க்கெகார்ட். என்னவெல்லாம் ஆகலாம் என்பது ஓர் இழை. எந்த வீட்டில், எந்த உடம்போடு, எந்தக் காலத்தில் பிறந்தோம் என்பது மற்ற இழை. இவற்றில் எது அறுந்தாலும் நோய்தான். சாத்தியம் இல்லாமல் அவசியம் மட்டும் மிஞ்சினால் விதியே என்று உட்கார்ந்துவிடுவோம். இதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அவசியத்தை உதறிவிட்டுச் சாத்தியத்தில் மட்டும் வாழ்வதும் அதே அளவு கொடிய நோய் என்று சொன்னதுதான் அவருடைய துணிச்சல். அப்படிப்பட்டவர் இன்று இசைக்கலைஞர் ஆகலாம் என்பார், நாளை தொழில் தொடங்கலாம் என்பார். ஒவ்வொன்றும் கண்முன்னே பளபளக்கும், ஒன்றிலும் கால் ஊன்றாது. கடைசியில் தானே ஒரு கானல்நீராகிவிடுவார். 'எல்லையே இல்லை, எதுவும் உன்னால் முடியும்' என்று மேடையேறிச் சொல்கிறவர்கள் இந்தச் சில பக்கங்களைப் படித்திருந்தால் அந்த வாக்கியத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கையை இழந்தால் தெரியும், பணத்தை இழந்தால் தெரியும், தன்னையே இழப்பது மட்டும் சத்தமில்லாமல் நடந்துவிடும் என்ற எச்சரிக்கையும் இதே நூலில்தான் வருகிறது.

கீர்க்கெகார்டுக்கு இந்தப் பின்னலைத் தாங்கிப் பிடிக்கக் கடவுள் வேண்டியிருந்தது. ஜெர்மன் தத்துவவாதி நீட்சேவுக்கு அந்தத் துணை இல்லை. 1874இல், 30ஐ நெருங்கும் வயதில், தத்துவவாதி ஷோப்பனவரைப் பற்றி எழுதிய கட்டுரையில் இளைஞர்களுக்கு அவர் ஒரு வழி சொன்னார். உள்ளே தோண்டித் தோண்டித் தேடாதே. இதுவரை உண்மையாக நேசித்தவற்றை வரிசையாக நிறுத்திப் பார். உன் அசல் இயல்பு ஆழத்தில் புதைந்திருப்பதில்லை, தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கிறது. எனக்கு நீட்சேயிடம் மிகவும் பிடித்த இடம் இது. 1888இல், மனம் நிலைகுலைவதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய தன்வரலாற்றில் இன்னும் ஒரு படி போகிறார்: தான் யார் என்பது முன்கூட்டியே தெரியாமல் இருப்பதுதான் ஒருவர் தானாக ஆவதற்கு நல்லது. தவறான திருப்பங்கள், வீணாய்ப்போன வேலைகள், தேவையில்லாத அடக்கம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஐந்தாண்டுத் திட்டம் போட்டுத் தன்னைச் செதுக்கச் சொல்கிற இன்றைய பயிற்சியாளர்கள் நீட்சேயை மேற்கோள் காட்டுவது எனக்குப் புரிவதில்லை.

இன்னொரு ஜெர்மன் தத்துவவாதியான மார்ட்டின் ஹைடெக்கரைச் சுருக்கமாகவே தாண்டிப் போகலாம். 1927இல் வந்த 'இருத்தலும் காலமும்' நூலில், நாம் பெரும்பாலும் ஊரார் பேசுவதைப் பேசி, ஊரார் ரசிப்பதை ரசித்து வாழ்கிறோம் என்று அவர் காட்டியதை மறுக்க முடியாது. தன் சாவைத் தன்னுடையதாக ஏற்பவர் அந்தக் கூட்டத்திலிருந்து விலகித் தன் வாழ்க்கையைத் தன் கையில் எடுக்கிறார் என்றார். சரி, எடுத்து என்ன செய்வது? அதற்கு நூலில் பதில் இல்லை. 1933இல் அவரே ஒரு பதில் சொன்னார்: ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத் தலைவரானார், நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பழைய மாணவர் கார்ல் லோவித் 1936இல் ரோமில் அவரைச் சந்தித்தபோது, அந்த அரசியலுக்கும் தன் தத்துவத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை ஹைடெக்கர் ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்திருக்கிறார். உறுதியாகத் தேர்ந்தெடு என்று மட்டும் சொல்லி, எதை என்று சொல்லாத தத்துவம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

அதே நாட்டில், அதே ஆண்டுகளில், கார்ல் யாஸ்பர்ஸ் வேறு மாதிரி வாழ்ந்தார். சிறுவயதிலிருந்தே நுரையீரல் நோயாளி. மனநல மருத்துவராக ஹைடல்பர்க்கில் தொடங்கித் தத்துவத்துக்கு வந்தவர். சாவு, துன்பம், போராட்டம், குற்றவுணர்வு ஆகியவற்றை எல்லைச் சூழல்கள் என்றார். எந்தத் திறமையாலும் இவற்றைத் தீர்க்க முடியாது. இவற்றில் முட்டிக்கொள்ளும்போதுதான் ஒருவர் விழித்துக்கொள்கிறார். ஆனால் தனியாக முட்டி விழிக்க முடியாது, இன்னொருவரோடு ஒளிவுமறைவில்லாமல் பேசுவதில்தான் ஒருவர் தானாகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மனைவி கெர்ட்ரூட் யூதர். அவரைக் கைவிடாததால் 1937இல் யாஸ்பர்ஸின் பேராசிரியர் பதவி போனது, அடுத்து நூல் வெளியிடத் தடை வந்தது. 1945 ஏப்ரல் நடுவில் இருவரையும் நாடுகடத்த ஏற்பாடாகியிருந்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன் அமெரிக்கப் படை ஹைடல்பர்க்குக்குள் வந்ததால் பிழைத்தார்கள்.

மீண்டும் பாரிஸ். 1940இல் சார்த்ரும் எழுத்தாளர் சிமோன் த பொவாரும் சுதந்திரத்தைப் பற்றி வாதாடினார்கள். எந்தச் சூழலிலும் மனிதர் அதைத் தாண்டிப் போக முடியும் என்றார் சார்த்ர். அந்தப்புரத்தில் அடைத்து வைக்கப்பட்ட பெண்ணுக்கு அப்படித் தாண்டிப்போக என்ன இருக்கிறது என்று கேட்டார் பொவார். அன்று பொவார் ஓரளவு விட்டுக்கொடுத்தார். பின்னால் நினைவுக்குறிப்பில், அடிப்படையில் சரி தன் பக்கம்தான் என்று எழுதினார். இந்த ஒரு கேள்வி இருத்தலியலைக் காப்பாற்றியது என்பேன். 1947இல் அறம் பற்றிய நூலில் அவர் அதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார்: பிறருடைய சுதந்திரத்தை விரும்பாமல் என் சுதந்திரத்தை மட்டும் விரும்ப முடியாது.

1949இல் வந்த 'இரண்டாம் பாலினம்' நூலின் பிற்பகுதியில் வான் கோவைப் பற்றி ஒரு சிறு இடம் வருகிறது. வான் கோ பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போதகராகப் போனவர். தொழிலாளர்களின் வறுமையை நேரில் கண்டு, அதைத் தன் சொந்தக் குற்றமாக உணர்ந்தவர். அந்த வேதனையிலிருந்துதான் அவருடைய ஓவியம் வந்தது. ஒரு பெண் வான் கோவாகப் பிறந்திருக்க முடியுமா என்று பொவார் கேட்கிறார். ஒரு பெண்ணைப் பொரினாஜுக்கு யார் அனுப்பியிருப்பார்கள்? உலகத்தின் துயரத்துக்குத் தானும் பொறுப்பு என்று உணரும்படி யார் அவளை வளர்த்திருப்பார்கள்? ஒரு பெண்ணிடம் 'உள்ளே' மேதைமை இருந்ததா இல்லையா என்ற விவாதமே இங்கே அர்த்தமற்றுப் போகிறது. மேதைமை என்பது உலகத்தில் நடந்து திரிந்து, பட்டு, பொறுப்பேற்று உண்டாவது. நடக்கவே விடாமல் வைத்துவிட்டு, ஏன் பெண்களில் மேதைகள் குறைவு என்று கேட்பது அநியாயம். புரூஸ்ட்டைப் பற்றிய சார்த்ரின் வாக்கியத்துக்கு அருகில் இந்தப் பத்தியை வைத்துப் படித்தால் எது ஆழமானது என்று தெரியும். சார்த்ருமே 1969இல் ஒரு பேட்டியில், எந்தச் சூழலிலும் மனிதருக்குத் தேர்வு உண்டு என்று ஒருகாலத்தில் தான் உண்மையிலேயே நம்பியதை நினைத்தால் அதிர்ச்சியாக இருக்கிறது என்றார்.

பொவார் எழுத்தில் காட்டியதை ஃபிரான்ஸ் ஃபனான் ஒரு மருத்துவமனையில் நேரில் கண்டார். மார்ட்டினிக் தீவில் பிறந்த மனநல மருத்துவரான அவர், 1953இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த அல்ஜீரியாவில் ப்ளிடா மருத்துவமனைக்கு வந்தார். அவர் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்களின் வார்டு ஒன்றும், முஸ்லிம் ஆண்களின் வார்டும் இருந்தன. பிரான்சில் கற்ற முறையை இரண்டிலும் தொடங்கினார்: நோயாளிகளே நடத்தும் பத்திரிகை, திரைப்படம், விழாக்கள், கைவேலை. பெண்கள் வார்டில் உயிர்க்களை வந்தது. ஆண்கள் வார்டில் எதுவும் நகரவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், எதிலும் சேரவில்லை. இவர்கள் மாறாதவர்கள் என்று எழுதிவைக்கும் காலனிய மனநல மருத்துவம் அப்போது அங்கே செல்வாக்கோடு இருந்தது. ஃபனானும் அவருடைய பயிற்சி மருத்துவர் ஜாக் அசூலேயும் குறை தங்கள் முறையில் இருக்கிறது என்று முடிவெடுத்தார்கள். வார்டில் அந்த மண்ணுக்குரிய காபிக் கடை ஒன்றைத் திறந்தார்கள், முஸ்லிம் பண்டிகைகளைக் கொண்டாடினார்கள், ஊர் ஊராகப் போய்க் கதை சொல்கிறவரை வரவழைத்தார்கள். அதன் பிறகு அந்த வார்டு பேச ஆரம்பித்தது. அதே மனிதர்கள்தான். 1954இல் இருவரும் இந்தத் தோல்வியையும் திருத்தத்தையும் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். 1956இல் ஃபனான் வேலையை ராஜினாமா செய்தார். ஒரு நாட்டு மக்களைத் தம் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கும் ஆட்சி இருக்கும்வரை, தனித்தனியாக ஆட்களைக் குணப்படுத்தித் திருப்பி அனுப்புவதில் பொருளில்லை என்பதே அவர் கடிதத்தின் சாரம்.

இதற்கு எதிர்ச்சான்றாக எல்லோரும் காட்டுவது விக்டர் ஃபிராங்க்கலை. சூழல் முழுவதும் பறிக்கப்பட்ட பிறகும் மனிதருக்குத் தேர்வு மிஞ்சும் என்பதற்கு வியன்னாவின் இந்த மனநல மருத்துவரைவிட வலுவான சாட்சி யார்? யூதரான அவர் 1942இல் பெற்றோரோடும் மனைவியோடும் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ். பிறகு டாஹாவின் கிளை முகாம்கள். 1945 ஏப்ரலில் விடுதலையானபோது பெற்றோர், மனைவி, அண்ணன்தம்பி என்று சொல்ல எவரும் உயிரோடு இல்லை. மறு ஆண்டு, முகாம் அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய சிறிய நூல் வந்தது.

அவரை மன உறுதியின் விளம்பரமாக ஆக்கிவிட்டார்கள் என்பதே என் மனத்தாங்கல். தவிர்க்க முடியாத துன்பத்தை மட்டுமே பேசுவதாக அவர் தெளிவாகச் சொன்னார். தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது வீரமில்லை, தன்னை வதைத்துக்கொள்வது என்றார். முகாமுக்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியை அவரே சொல்லியிருக்கிறார். போருக்குள் அமெரிக்கா நுழைவதற்குச் சற்று முன் அவருக்கு அமெரிக்க விசா கிடைத்தது. போனால் தன் கோட்பாட்டை வளர்க்கலாம், நூல் எழுதலாம்; இன்றைய மொழியில் சொன்னால் முழுத்திறனை அடையலாம். வயதான பெற்றோரை விட்டுப் போவதா என்று தவித்துக்கொண்டு வீடு திரும்பினார். நாஜிகள் இடித்த யூத ஆலயத்திலிருந்து அப்பா எடுத்து வந்த சலவைக்கல் துண்டு ஒன்று மேசையில் இருந்தது. அதில் இருந்த ஒற்றை எழுத்து, தாய் தந்தையரை மதி என்ற கட்டளைக்கு உரியது என்று அப்பா சொன்னார். ஃபிராங்க்கல் விசாவைக் காலாவதியாக விட்டார். தன்னை நிறைவேற்றுவதை இலக்காக வைத்து ஓடினால் அது கிடைக்காது, வேறொன்றுக்கோ வேறொருவருக்கோ தன்னைக் கொடுத்தால் பக்கவிளைவாக வரும் என்று பின்னர் அவர் சொன்னதற்குப் பின்னால் இந்த மேசை இருக்கிறது.

தன்னை நிறைவேற்றுவதை இலக்காக்குவது பற்றிய இந்த விமர்சனம் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ. தன்னை நிறைவேற்றுதல் என்ற கருத்தை அவர் நரம்பியல் மருத்துவர் குர்ட் கோல்ட்ஸ்டைனிடமிருந்து எடுத்துக்கொண்டார். கோல்ட்ஸ்டைன் கண்டது வெற்றியாளர்களை இல்லை. முதல் உலகப்போரில் மூளையில் காயம்பட்ட சிப்பாய்களை. ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைத்து, சமாளிக்கக்கூடிய சிறிய உலகம் ஒன்றை அமைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் ஆற்றலால் முழு மனிதராக வாழ முயன்றவர்கள் அவர்கள். மாஸ்லோவின் கையில், 1954 நூலில், அந்த இடத்தில் லிங்கனும் ஐன்ஸ்டைனும் வந்து உட்கார்ந்தார்கள். யார் நிறைவடைந்தவர் என்பதைத் தானே தேர்ந்தெடுத்து, அவர்களிடமிருந்தே நிறைவின் இலக்கணத்தை எடுத்தார் என்ற குறை அன்றிலிருந்து உண்டு. நிர்வாகப் பயிற்சிகளில் அவர் பெயரில் காட்டப்படும் தேவைகளின் பிரமிடு அவர் 1943இல் எழுதிய மூலக் கட்டுரையில் இல்லவே இல்லை. ஆனால் மாஸ்லோ பிடிவாதக்காரர் இல்லை. 1966இல் ஃபிராங்க்கலின் கருத்தை எழுத்திலேயே ஏற்றுக்கொண்டார்.

ரோஜர்ஸை எதிர்த்து நின்றவர் அவருடைய நண்பரும் உளவியலாளருமான ரோலோ மே. காசநோய் விடுதியில் படுக்கையில் கிடந்தபடி கீர்க்கெகார்டைப் படித்து, பதற்றத்தைப் பற்றி 1950இல் நூல் எழுதியவர் அவர். 1982இல் ரோஜர்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மனிதருக்குள் இருக்கும் ஆற்றல் வளர்ப்பதற்கும் அழிப்பதற்கும் ஒருசேர உரியது. தீமை எல்லாம் வெளியிலிருந்து வருகிறது என்று சொன்னால், அந்த வெளியை உண்டாக்கிய மனிதர்கள் யார் என்று கேட்டார். இதில் நான் மேயின் பக்கம். கிழங்குக்குத் திசை ஒன்றுதான், மனிதருக்கு அப்படியில்லை.

இவையெல்லாம் சோதனைக்கு நிற்குமா? துன்பத்துக்குப் பின் வளர்ச்சி என்ற கருத்தை அளக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹூனும் 1996இல் ஒரு வினாநிரலை உருவாக்கினார்கள். பலரும் துயரத்துக்குப் பிறகு தாங்கள் வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் பாட்ரிசியா ஃப்ரேசியர் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் துயர நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தபோது, வளர்ந்ததாக அவர்கள் நினைத்ததற்கும் உண்மையில் ஏற்பட்ட மாற்றத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. துன்பம் தானாக யாரையும் உயர்த்துவதில்லை என்பதை இது நினைவூட்டுகிறது. இன்னொரு பக்கம், நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் வில்லியம் பிரைட்பார்ட், ஃபிராங்க்கலை அடிப்படையாக வைத்து எட்டு அமர்வுகள் கொண்ட குழு சிகிச்சை ஒன்றை வடிவமைத்தார். முற்றிய புற்றுநோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்து, தங்களுக்கு எது கையளிக்கப்பட்டது, எதைக் கையளித்துவிட்டுப் போகிறோம் என்று பேசுகிறார்கள். 2015இல் வெளியான ஆய்வில், வழக்கமான ஆதரவுக் குழுக்களில் இருந்தவர்களைவிட இவர்களிடம் நம்பிக்கையின்மை குறைந்திருந்தது. அந்த அறையில் யாருக்கும் எதிர்காலத் திறன் என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் மாற்றம் நடக்கிறது. எதிரே கேட்க ஆட்கள் இருப்பதால் நடக்கிறது.

விதையா, தேர்வா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இதுதான். இரண்டு கட்சிகளும் தனி ஆளை மட்டுமே பார்த்தன. பொவாரும் ஃபனானும் யாஸ்பர்ஸும் அந்த ஆளுக்கு எதிரே நிற்பவர்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதனால் அவர்களுடைய விடையே உறுதியாக நிற்கிறது.

கல்லூரிகளிலும் ஆலோசனை மையங்களிலும் இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சார்த்ரின் 1945 உரையோடு நிறுத்திக்கொள்ளாமல், 'இரண்டாம் பாலின'த்தையும் ப்ளிடா மருத்துவமனைக் கட்டுரையையும் தேடிப் படியுங்கள். 'உன்னிடம் என்ன திறமை இருக்கிறது' என்று கேட்கும் உங்கள் படிவத்தில், 'உன்னைத் தடுப்பது எது, அதை நகர்த்த யார் யார் உன்னோடு வேண்டும்' என்ற வரியையும் சேருங்கள்.